மூலநிரல் பகுப்பான் நிரலகம்

மூலநிரல் பகுப்பான் என்பது, ஒரு நிரல்மொழியில் எழுதப்பட்ட மூலநிரலை வெறும் எழுத்து வரிசையாகப் பெற்று, அம்மொழியின் இலக்கணப்படி உறுப்புகளாகப் பிரித்து, எந்த உறுப்பு எதற்குள் அடங்கும் என்பதைக் காட்டும் மரமாகத் திருப்பித் தரும் மென்பொருள் ஆகும். இந்த வேலையைப் பிற நிரல்களும் அழைத்துப் பயன்படுத்துமாறு தனித் தொகுப்பாகக் கொடுத்தால் அதைப் பகுப்பான் நிரலகம் என்பர். நிரலகம் என்பதை நூலகம் என்று எழுதுவோரும் உண்டு.

நிரல்பெயர்ப்பி, வரிமொழிமாற்றி எதுவானாலும் அதற்குள் ஒரு பகுப்பான் இருக்கும். நிரலை எழுதி இயக்குவதோடு நிற்பவர் அதைத் தனியே அறிய வேண்டியதில்லை. ஒரு நிரலைப் பற்றி வேறொரு நிரல் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில்தான் நிரலகம் தேவைப்படுகிறது. இந்த மாறி எங்கெல்லாம் வருகிறது? எந்த மாறிக்கு மதிப்புக் கொடுத்துவிட்டுப் பயன்படுத்தாமலே விட்டிருக்கிறார்கள்? வகுப்பில் 40 பேர் எழுதிய விடைகளில் எத்தனை பேர் மடக்கைப் பயன்படுத்தினர்? இவற்றைச் சொல் தேடலாலேயே தீர்க்கப் பார்ப்பது பொதுவான பழக்கம். ஆங்கிலப் பெயர்களுடன் எழுதிய நிரலில் அது ஓரளவு சமாளித்துவிடும். தமிழ்ப் பெயர்களுடன் எழுதிய நிரலில் அதே தேடல் தலைகீழான விடையைத் தரக்கூடும். ஏன் என்பதைக் கீழே ஒரு சிறு நிரலை வைத்துக் காணலாம்.

இலக்கண வகுப்பில் செய்த வேலை

தமிழ்வழியில் படித்த மாணவருக்குப் பகுப்பு புதிதல்ல. பகுபத உறுப்பிலக்கணம் எழுதுக என்றால் "செய்தான்" என்பதைச் செய் + த் + ஆன் என்று பிரித்து, செய் பகுதி, த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுகிறோம். பிரிப்பது பாதி வேலை. பெயரிடுவது மீதி வேலை. பிறகு தொடரிலக்கணத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று சொற்களுக்கு இடையே உள்ள உறவைக் காட்டுகிறோம்.

கணினியிலும் இதே இரண்டு படிகள்தாம். முதற்படியில் எழுத்து வரிசை, வில்லைகள் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிகிறது. சிறப்புச்சொல், குறிப்பெயர், எண், சரம், செயற்குறி என ஒவ்வொரு வில்லைக்கும் வகைப்பெயர் உண்டு. இதைச் செய்யும் பகுதிக்கு வருடி என்று பெயர். இரண்டாம் படியில், வில்லைகள் எந்த இலக்கண விதிப்படி சேர்ந்துள்ளன என்று பார்த்து மரம் கட்டப்படுகிறது. பகுப்பான் என்று குறுகிய பொருளில் சொல்லும்போது இந்த இரண்டாம் படியையே குறிக்கிறோம். பகாப்பதம்போல, வில்லையை மேலும் உடைத்தால் நிரலுக்குப் பொருளில்லை.

எழில் மொழியில் ஓர் எடுத்துக்காட்டு

தமிழ்ச் சிறப்புச்சொற்களைக் கொண்ட நிரல்மொழியான எழில், முத்து அண்ணாமலை அவர்களால் உருவாக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டின் இறுதியில் வேலை தொடங்கியது; 2009 சூலையில் பொதுவெளியில் அறிவிக்கப்பட்டது. பள்ளி மாணவர்கள் ஆங்கிலத்தின் துணையின்றி நிரலாக்கத்தின் அடிப்படையைக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். எழிலின் வரிமொழிமாற்றி பைத்தான் மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். ஆகவே அதன் வருடியும் பகுப்பானும் எப்படி வேலை செய்கின்றன என்பதை யாரும் திறந்து படிக்கலாம். ஒரு பகுப்பானை உள்ளே சென்று படிக்க விரும்பும் தமிழ் மாணவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. பெரிய மொழிகளின் பகுப்பான்கள் வேகத்துக்காகச் சிக்கலாக எழுதப்பட்டவை. இது படித்து முடிக்கக்கூடிய அளவில் உள்ளது.

நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. ஏரி என்று பிற மாவட்டங்களில் சொல்வதை இங்கே கண்மாய் என்பார்கள். மழைக்காலத்தில் பிள்ளைகள்கூடப் பேசுவது கண்மாய் நிறைந்து மறுகால் பாயுமா என்பதைத்தான். அதையே எடுத்துக்கொள்வோம். கண்மாயில் ஏற்கெனவே 60 சென்டிமீட்டர் நீர் நிற்கிறது, ஒவ்வொரு சென்டிமீட்டர் மழைக்கும் மட்டம் 2 சென்டிமீட்டர் ஏறுகிறது, 80ஐத் தாண்டினால் மறுகால் பாயும் என்று வைத்துக்கொள்வோம். இது பயிற்சிக்கான கணக்கு. பொதுப்பணித்துறைக் கணக்கு அல்ல.

# மழை பெய்தால் கண்மாய் நிறையுமா?
மழை = 15
மழைநாள் = 3
மட்டம் = 60 + மழை * 2
@( மட்டம் > 80 ) ஆனால்
    பதிப்பி "மறுகால் பாயும்"
இல்லை
    பதிப்பி "மழை போதாது"
முடி

நான்காம் வரியை வருடி மட்டம், =, 60, +, மழை, *, 2 என்று 7 வில்லைகளாகப் பிரிக்கும். இடைவெளிகள் வில்லைகளைப் பிரித்துக் காட்டியதோடு தம் வேலையை முடித்துக்கொள்கின்றன. முதல் வரியில் # குறிக்குப் பின் வருவது குறிப்புரை என்பதால் அது பகுப்பானுக்குப் போவதே இல்லை.

இந்த 7 வில்லைகளை இடமிருந்து வலமாக அப்படியே கணக்கிட்டால் 60உம் 15உம் 75, அதை 2ஆல் பெருக்க 150 என்று வரும். சரியான விடை 90. பெருக்கல் முந்தி என்னும் விதியை எங்கே எழுதி வைப்பது? மரத்தின் அமைப்பிலேயே அது இருக்கிறது.

மதிப்பிருத்தல்
    மாறி: மட்டம்
    கூட்டல்
        எண்: 60
        பெருக்கல்
            மாறி: மழை
            எண்: 2

கூட்டலின் இரண்டாவது கிளையாகப் பெருக்கல் முழுமையாகத் தொங்குகிறது. கிளைகளின் மதிப்புத் தெரிந்த பிறகுதான் கூட்டலைச் செய்ய முடியும்; எனவே பெருக்கல் தானாகவே முதலில் நடக்கும். அடைப்புக்குறி இட்டு ( 60 + மழை ) * 2 என்று எழுதியிருந்தால் மரத்தில் பெருக்கல் மேலேயும் கூட்டல் கீழேயும் வந்திருக்கும். மரத்தில் அடைப்புக்குறி தனி உறுப்பாக இருக்க வேண்டிய தேவையில்லை. அமைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. இப்படித் தேவையற்ற குறிகளைக் கழித்து நிற்கும் மரத்தைக் கருத்தியல் தொடரியல் மரம் என்பர்.

எழிலின் பகுப்பான் மேலிருந்து கீழிறங்கும் தற்சுழற்சிப் பகுப்பு என்ற முறையைச் சேர்ந்தது. ஒவ்வோர் இலக்கண விதிக்கும் ஒரு செயற்கூறு இருக்கும். கூட்டலைப் பகுக்கும் செயற்கூறு + குறியைக் கண்டதும், அதன் வலப்புறத்தைப் பெற்றுவரப் பெருக்கலைப் பகுக்கும் செயற்கூறை அனுப்புகிறது. அது மழை * 2 முழுவதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து ஒப்படைக்கிறது. முன்னுரிமை விதி இந்த அழைப்பு வரிசைக்குள் அடங்கிவிட்டது. கோவைக்குள் அடைப்புக்குறி வந்தால், அதற்குள்ளே மீண்டும் முதலிலிருந்து கோவையைப் பகுக்கும் செயற்கூறு அழைக்கப்படும்; தற்சுழற்சி என்ற பெயர் இதனால் வந்தது.

நிபந்தனை முன்னே, ஆனால் பின்னே

ஐந்தாம் வரியைக் கவனிக்க வேண்டும். பைத்தான், சி போன்ற மொழிகளில் "இஃப்" என்ற சொல் முதலில் வரும். நிபந்தனை பிறகு வரும். முதற்சொல்லைப் பார்த்தவுடனே இது எந்த வகைக் கூற்று என்று பகுப்பானுக்குத் தெரிந்துவிடும். தமிழில் நாம் அப்படிப் பேசுவதில்லை. "மட்டம் 80ஐத் தாண்டினால்" என்று நிபந்தனையை முதலில் சொல்லி, "ஆல்" என்பதைக் கடைசியில் ஒட்டுகிறோம். எழில் இந்த வரிசையை மதிக்கிறது. நிபந்தனை முன்னே, ஆனால் பின்னே.

ஆனால் பகுப்பானின் நிலைமை என்ன? ஆனால், வரை, ஆக என்ற மூன்றும் தத்தம் நிபந்தனைக்குப் பின்னரே வருகின்றன. கோவை முடியும்வரை, படிப்பது ஒருமுறை பார்க்கும் நிபந்தனையா, திரும்பத் திரும்ப ஓடும் மடக்கா என்று தெரியாது. இங்கேதான் @ குறி கைகொடுக்கிறது. "இதோ அடைப்புக்குள் ஒரு கோவை வருகிறது, அதைப் பகுத்துக் கையில் வைத்துக்கொள், எதற்கு என்று பிறகு சொல்கிறேன்" என்பதே அதன் பொருள். பகுப்பான் கோவையை மரமாக்கி வைத்துக்கொண்டு அடுத்த வில்லையைப் பார்க்கும். அது ஆனால் எனில் நிபந்தனைக் கூற்று. வரை எனில் நிபந்தனை மெய்யாக உள்ளவரை ஓடும் மடக்கு. ஆக எனில் தொடக்கம், நிபந்தனை, மாற்றம் என மூன்று கோவைகளைக் கொண்ட மடக்கு.

@ குறி அழகுக்காக வைத்தது என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. தமிழின் சொல்வரிசைக்கும் எளிய பகுப்பானுக்கும் இடையே செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

சொல் தேடல் ஏன் தவறுகிறது

இப்போது மழை என்ற மாறியின் பெயரை மழையளவு என்று மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உரைத்தொகுப்பியில் "மழை" என்று தேடினால் 5 இடங்கள் கிடைக்கும்: குறிப்புரையில் ஒன்று, இரண்டாம் வரி, மழைநாள் என்பதற்குள் ஒன்று, நான்காம் வரி, எட்டாம் வரியின் சரத்துக்குள் ஒன்று. மாறி வருவது இவற்றில் 2 இடங்களில் மட்டுமே. எல்லாவற்றையும் மாற்று என்று சொன்னால் மழைநாள், மழையளவுநாள் ஆகிவிடும். திரையில் "மழையளவு போதாது" என்று வரும்.

முழுச்சொல்லாக மட்டும் தேடு என்று கட்டளையிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆங்கிலத்தில் ஓரளவு சரியாகும். தமிழில் நடப்பது வேறு. பைத்தானுடன் வரும் சுருங்குறித் தேடல் தொகுதி, எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எண்ணுகிறது. ஒருங்குறியில் மழை என்பது ம, ழ, ஐகாரக் குறி என்ற மூன்று குறிகளாக உள்ளது. இவற்றில் ஐகாரக் குறி "எழுத்து" வகையில் சேர்க்கப்படாமல் "சேர்க்கைக் குறி" வகையில் உள்ளது. ஆகவே அந்தத் தேடலின் பார்வையில் சொல் ழ என்பதோடு முடிந்துவிடுகிறது.

விளைவைப் பாருங்கள். சொல்லெல்லை என்பது, சொல்லுக்குரிய குறியும் சொல்லுக்குரியதல்லாத குறியும் சந்திக்கும் இடம். "மழை = 15" என்ற வரியில் ஐகாரக் குறியை அடுத்து இடைவெளி வருகிறது; இரண்டுமே சொல்லுக்குரியவை அல்ல என்பதால் அங்கே எல்லை இல்லை. எனவே இந்த இடம் கிடைக்காது. "மழைநாள்" என்பதிலோ ஐகாரக் குறியை அடுத்து ந வருகிறது. அங்கே எல்லை உண்டு. எனவே அது கிடைக்கும். முழுச்சொல் மழை எங்கே என்று கேட்டால், உண்மையான மழை ஒன்றுகூட அகப்படாமல், தவறான மழைநாள் மட்டும் அகப்படுகிறது. புள்ளிக்கும் இதே கதிதான். சொற்களாகப் பிரி என்று இத்தேடலிடம் "பள்ளி"யைக் கொடுத்தால் "பள", "ள" என்று இரண்டு துண்டாகத் தரும். வேறு சில தேடல் நிரலகங்கள் சேர்க்கைக் குறிகளையும் சொல்லுக்குள் சேர்த்துக்கொள்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினாலும் சரத்துக்குள் இருக்கும் மழைக்கும் மாறியான மழைக்கும் வேறுபாடு தெரியாது.

பகுப்பானுக்கு இந்தக் குழப்பம் இல்லை. மரத்தில் மாறி வேறு உறுப்பு, சரம் வேறு உறுப்பு, மழைநாள் வேறு பெயர்.

பைத்தானின் ஏஎஸ்டி தொகுதி

நடைமுறையில் பயன்படுத்திப் பார்க்க எளிதான பகுப்பான் நிரலகம், பைத்தானை நிறுவும்போதே உடன்வரும் "ஏஎஸ்டி" என்ற தொகுதி. தமிழ்நாட்டில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக இருப்பதால் மாணவர்களுக்கு மொழி அறிமுகமானதே. பைத்தானின் 3.0 பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். மேலே உள்ள எழில் நிரலின் முதல் 4 வரிகள் பைத்தானிலும் ஓர் எழுத்து மாறாமல் செல்லுபடியாகும். ஆகவே அந்த 4 வரிகளையே கொடுத்துப் பார்க்கலாம்.

முதலில் கோப்பைப் படிக்க வேண்டும். விண்டோசில் கோப்பைச் சாதாரணமாகத் திறந்தால் குறியாக்கம் மாறித் தமிழ் சிதைய வாய்ப்புண்டு. குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும், அல்லது கோப்பை பைட்டுகளாகவே திறந்து கொடுக்க வேண்டும். பிறகு "பார்ஸ்" என்ற செயற்கூறிடம் அதைக் கொடுத்தால் மரம் கிடைக்கும். "டம்ப்" என்ற செயற்கூறு மரத்தைப் படிக்கத்தக்க வடிவில் காட்டும். முதன்முறை பார்ப்பவர் கட்டாயம் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஒரு வரி நிரலுக்கு எவ்வளவு பெரிய மரம் என்ற வியப்பு அடங்கிய பிறகு மற்றதைப் படிக்கலாம்.

அந்த மரத்தில் "அசைன்" எனப்படும் மதிப்பிருத்தல் கூற்றுகள் 3 இருக்கும். குறிப்புரை மரத்தில் இராது. "வாக்" என்ற செயற்கூறு மரத்தின் எல்லா உறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கொடுக்கும். அவற்றுள் "நேம்" வகையைச் சேர்ந்தவற்றை மட்டும் எடுத்தால் 4 கிடைக்கும்: மழை இருமுறை, மழைநாள் ஒருமுறை, மட்டம் ஒருமுறை. ஒவ்வொன்றிலும் அது மதிப்பைப் பெறுகிறதா, மதிப்பைக் கொடுக்கிறதா என்ற குறிப்பும் உண்டு. பெறும் இடத்துக்கு "ஸ்டோர்", கொடுக்கும் இடத்துக்கு "லோட்". ஸ்டோர் மட்டும் இருந்து லோட் ஒன்றும் இல்லாத பெயர், எழுதிவிட்டு மறந்துபோன மாறி. இந்த 4 வரிகளை மட்டும் பார்த்தால் மழைநாளும் மட்டமும் அப்படித் தெரியும். நிபந்தனை வரியையும் பைத்தானில் எழுதிச் சேர்த்தால் மட்டம் தப்பித்துவிடும், மழைநாள் மாட்டிக்கொள்ளும். உண்மையிலேயே அது எங்கும் பயன்படவில்லை.

பகுப்பது வேறு, இயக்குவது வேறு என்பதை மனத்தில் இருத்த வேண்டும். பார்ஸ் செய்யும்போது மாணவரின் நிரல் ஓடாது; கோப்பை அழிக்கும் கட்டளை அதில் இருந்தாலும் அது மரத்தில் ஓர் உறுப்பாக நிற்குமே தவிர வேலை செய்யாது. பலரிடம் வாங்கிய நிரல்களை மதிப்பிடும் ஆசிரியருக்கு இது பெரிய வசதி. மிகப் பெரிய, மிக ஆழமாக அடுக்கிய நிரலைக் கொடுத்தால் பைத்தானே நின்றுபோகக்கூடும் என்று அதன் ஆவணம் எச்சரிக்கிறது; பள்ளி நிரல்களில் அந்த ஆழம் வருவதில்லை.

பெயர் மாற்றும் வேலைக்கு இடம் தெரிய வேண்டும். ஒவ்வொரு நேம் உறுப்பும் தான் தொடங்கும் வரி எண்ணையும் அந்த வரிக்குள் தன் இடத்தையும் வைத்திருக்கிறது. வரி எண் 1இல் தொடங்கும். வரிக்குள் இடம் 0இல் தொடங்கும். இங்கேதான் தமிழ் மாணவர் தடுமாறுவார். நான்காம் வரியில் மழை எங்கே தொடங்குகிறது? நாம் எழுத்தெண்ணினால் "மட்டம்" 4 எழுத்து, இடையில் உள்ள குறிகளும் இடைவெளிகளும் 8, ஆக 12. பைத்தானின் சரத்தில் எண்ணினால் மட்டம் என்பது 6 ஒருங்குறிகள், ஆக 14. ஏஎஸ்டி தருவதோ 26. அது பைட்டுகளை எண்ணுகிறது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு என்பதால் மட்டத்துக்கு 18, மற்றவைக்கு 8. ஆங்கிலப் பெயர்களில் மூன்று எண்ணிக்கையும் ஒன்றாக இருந்துவிடுவதால் ஆங்கிலப் பாடநூல்களில் பெரும்பாலும் இதைப் பற்றிப் பேச்சே இராது.

எனவே வரியை முதலில் யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி, 26 முதல் 35க்கு முன்பு வரை வெட்டி, புதிய பெயரின் பைட்டுகளை அங்கே வைத்து, மறுபடி சரமாக்க வேண்டும். ஒரே வரியில் பல இடங்கள் இருந்தால் வலக்கடைசியிலிருந்து இடப்பக்கமாக மாற்றி வர வேண்டும். இடமிருந்து தொடங்கினால் 9 பைட்டு மழை 21 பைட்டு மழையளவு ஆனதும் மற்ற இடங்கள் எல்லாம் நகர்ந்துவிடும். உறுப்புக்குரிய மூலவரியை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால், இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் செயற்கூறு ஒன்று 3.8 பதிப்பு முதல் உள்ளது.

மரத்தை மாற்றி அதிலிருந்தே நிரலை மீண்டும் எழுதும் "அன்பார்ஸ்" என்ற செயற்கூறு 3.9இல் வந்தது. பெயர் மாற்றத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். குறிப்புரைகள் மரத்தில் இல்லை என்பதால் திரும்பி வரும் நிரலில் அவை காணாமற்போகும். மாணவர் தமிழில் எழுதிய குறிப்புரைதான் அவர் என்ன நினைத்து எழுதினார் என்பதற்குச் சான்று. அதைத் தொலைக்கும் கருவி வகுப்பறைக்கு ஆகாது.

ஏஎஸ்டிக்கு ஒரு பெரிய எல்லையும் உண்டு. ஒரு செயற்கூறுக்குள் இருக்கும் மழையும் வெளியே இருக்கும் மழையும் வெவ்வேறு மாறிகளாக இருக்கலாம். மரம் இரண்டையும் மழை என்றே காட்டும். எது எந்த வரம்புக்குரியது என்று அறிய "சிம்டேபிள்" என்ற மற்றொரு தொகுதி பைத்தானிலேயே இருக்கிறது.

ஒரே சொல், இரண்டு தட்டச்சு

சோளம் என்ற மாறியை இரண்டு பேர் தட்டச்சு செய்கிறார்கள். ஒருவரின் விசைப்பலகை ச என்பதுடன் ஓகாரக் குறியை ஒரே குறியாக இடுகிறது. மற்றவருடையது ஏகாரக் குறி, கால் என்று இரண்டாக இடுகிறது. திரையில் இரண்டும் சோளம்தான். சொல் தேடலுக்கு இரண்டும் வேறு. பைத்தானின் பகுப்பான் குறிப்பெயர்களை ஒருங்குறியின் இயல்பாக்க விதிப்படி ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து மரத்தில் வைக்கிறது. எனவே அதற்கு இரண்டும் ஒரே மாறி.

ஆனால் ஔகாரத்தில் இந்த உதவி கிடைக்காது. கௌதாரி என்பதை ஔகாரக் குறியுடன் தட்டச்சு செய்யாமல், எகரக் குறியும் ள என்ற எழுத்தும் சேர்த்து இட்டால் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒருங்குறியில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்குத் தனி எண் உண்டு. அது ளகரம் அல்ல. இயல்பாக்கத்தால் இவை ஒன்றாகா. முதல் வரியில் மதிப்பிட்ட கௌதாரியை மூன்றாம் வரியில் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று பைத்தான் மறுத்தால், திரையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் காரணம் புலப்படாது. மரத்தில் உள்ள பெயர்களின் நீளத்தை அச்சிட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஒன்று மற்றதைவிட ஒரு குறி கூடுதலாக இருக்கும்.

தமிழ் எண்களுக்கும் ஒரு சொல். மழை = ௧௫ என்று எழுதினால் பகுப்பான் ஏற்காது; பைத்தானின் இலக்கணத்தில் எண் நிலையுருவுக்கு 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் மட்டுமே. அதே "௧௫" சரமாக இருந்தால் முழு எண்ணாக மாற்றும் செயற்கூறு அதை 15 என்று சரியாகப் படிக்கும். மழை௧ என்று மாறிக்குப் பெயராக வைக்கவும் தடையில்லை.

பிழை காட்டும் வரி

எழில் நிரலின் கடைசி வரியில் உள்ள முடி என்பதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மாணவர் பிழையைத் தாம் எழுதிய நிபந்தனை வரியில் எதிர்பார்ப்பார். பகுப்பானோ முடி வரும் வரும் என்று கோப்பின் இறுதிவரை படித்துக்கொண்டே போகும். அதன் பிறகு எத்தனை வரிகள் இருந்தாலும் அவை எல்லாம் இல்லை என்பதன் உள்ளே இருக்கும் கூற்றுகள் என்றே எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொள்வதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. கோப்பு முடிந்த இடத்தில்தான் குறை தெரியவரும். பிழைச்செய்தி சொல்லும் வரி, பகுப்பான் மேலே செல்ல முடியாமல் நின்ற இடம். விட்டுப்போனது அதற்கு எவ்வளவு மேலே என்று பகுப்பான் தானாகச் சொல்லாது. நிரலகத்தை எழுதுபவர் தனியே பார்த்துச் சொன்னால்தான் உண்டு. பைத்தான் 3.10 பதிப்பில் அப்படிச் செய்தார்கள். மூடாத அடைப்புக்குறி இருந்தால், முன்பு அடுத்த வரியைக் காட்டிக் குழப்பியதை மாற்றி, திறந்த இடத்தையே இப்போது சுட்டுகிறது.

பகுப்பு தோற்றால் ஏஎஸ்டி தரும் பிழைப்பொருளில் வரி எண்ணும் அந்த வரியின் உரையும் தனித்தனியே இருக்கும். அதைப் பிடித்து, ஆங்கிலச் செய்திக்குப் பதிலாக "4ஆம் வரியைப் படித்துக்கொண்டிருந்தபோது நின்றுவிட்டேன், இந்த வரியையும் இதற்கு மேலே உள்ளதையும் பார்க்கவும்" என்று தமிழில் அச்சிடுவது பத்து வரிக்குள் முடிகிற வேலை. ஆங்கிலப் பிழைச்செய்தியைக் கண்டவுடன் கணினியை விட்டு எழுந்துவிடும் பிள்ளைகளை நான் பார்த்திருப்பதால் இதைச் சொல்கிறேன். நிரலில் அவர்கள் செய்திருந்த தவறு ஒரு மேற்கோள்குறியை மூடாததுதான்.

பிற நிரலகங்கள்

குறிப்புரை, இடைவெளி உட்பட மூலநிரலை ஓர் எழுத்தும் விடாமல் மரத்தில் வைத்திருக்க வேண்டுமானால் பைத்தானுக்கு "லிப்சிஎஸ்டி" உள்ளது. மரத்தை மாற்றித் திரும்ப எழுதினாலும் மாணவரின் குறிப்புரை அப்படியே இருக்கும். கற்க ஏஎஸ்டியைவிடச் சற்று அதிக நேரம் பிடிக்கும்.

"ட்ரீ சிட்டர்" என்பது வேறு தேவைக்காக எழுதப்பட்டது. உரைத்தொகுப்பியில் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது நிரல் பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கும். ஏஎஸ்டிக்கு அரைகுறை நிரலைக் கொடுத்தால் மரமே கிடைக்காது. ட்ரீ சிட்டர் புரிந்த பகுதிகளை மரமாக்கி, புரியாத இடத்தில் பிழை உறுப்பு ஒன்றை வைத்து மேலே செல்லும். ஒவ்வொரு விசைக்கும் முழுக் கோப்பையும் மறுபடி படிக்காமல், மாறிய இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளும். ஒரு மொழியின் இலக்கணத்தை எழுதிக் கொடுத்தால் அதற்குரிய பகுப்பானை அதுவே உருவாக்கிக் கொடுக்கும் என்பதால் பல மொழிகளுக்கு இதில் இலக்கணங்கள் உள்ளன. எழில்போன்ற மொழிக்கு ஒருவர் இலக்கணம் எழுத அமர்ந்தால், @ குறிக்குப் பின் வரும் கோவையை முதலில் வைத்து, ஆனால், வரை, ஆக என்பவற்றை அதன் பின்னே வைக்க வேண்டும் என்பதே அவர் எழுத வேண்டிய முதல் விதிகளில் ஒன்றாக இருக்கும்.

தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிப்பதற்கு "ஓப்பன் தமிழ்" என்ற பைத்தான் நிரலகம் உண்டு. மழை என்பதை ம, ழை என்று நாம் எண்ணுவதுபோல 2 எழுத்தாகவே அது தரும். ஏஎஸ்டி தரும் பைட்டு இடத்தை, "இவ்வரியின் 13ஆம் எழுத்தில் தொடங்கும் மழை" என்று மாணவர் விரல் வைத்துப் பார்க்கக்கூடிய இடமாக மாற்றுவதற்கு இது பயன்படும். வரியை யுடிஎஃப்-8 பைட்டுகளாக்கி, முதல் 26 பைட்டுகளை மட்டும் வெட்டி, சரமாக்கி, ஓப்பன் தமிழிடம் கொடுத்து எண்ணினால் 12 வரும். அதற்கு அடுத்த எழுத்து மழையின் ம.